பாட்டும் பேரும்

சுயாதீன இசை என்றொரு தொடர் இப்பொழுது எங்கும் புழங்குகின்றது. திரைப்படத்தின் கதைக்கும் நடிகரின் உதட்டசைவுக்கும் கட்டுப்படாமல், பாடலாசிரியனும் பாடகனும் தாமே விரும்பிப் படைத்து வெளியிடும் பாட்டை இப்பெயரால் வழங்குகின்றனர். நல்ல பெயர்தான். ஆயினும் சுயாதீனம் என்ற சொல்லைக் கேட்டதும், யாரிடமிருந்து சுயாதீனம், யாருக்குச் சுயாதீனம் என்று வினவும் பழக்கம் எமக்கு உண்டு. 1948இல் இந்நாடு சுயாதீனம் அடைந்த அதே ஆண்டில்தான் மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. இவ்வரலாற்றை அறிந்தவர் எவரும் அச்சொல்லைச் சோதியாமல் ஏற்கமாட்டார்.

அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் மக்களுக்குப் பாட்டு என்றால் திரைப்பாட்டு என்றாகிவிட்டது. தோட்டத்துத் திருவிழாவின் ஒலிபெருக்கியிலும், கல்யாண வீட்டிலும், லயத்து வாசலில் வைத்த வானொலியிலும் சென்னையிலிருந்து வந்த பாட்டே ஒலித்தது. இந்த ஏகபோகத்தை உடைத்துக்கொண்டு கடந்த சில ஆண்டுகளில் புதிய குரல்கள் எழுந்துள்ளன. இளைஞர்கள் கைத்தொலைபேசியில் அவற்றைக் கேட்கின்றனர், ஒருவருக்கொருவர் அனுப்புகின்றனர், மனப்பாடம் செய்கின்றனர். எம் விமர்சகர்களோ இரு திசையில் நின்று தவறுகின்றனர். ஒரு சாரார், இவையெல்லாம் மேனாட்டுக் கூச்சல் என்று காதைப் பொத்திக்கொள்கின்றனர். மறு சாரார், எத்தனை கோடி பேர் கேட்டனர் என்ற கணக்கையே விமர்சனமாகக் கொள்கின்றனர். முன்னவருக்கு மக்களின் இளைய தலைமுறை தெரியவில்லை. பின்னவருக்குச் சந்தைக்கும் மக்களுக்கும் உள்ள வேறுபாடு தெரியவில்லை.

புதிய பாட்டுக்களைச் சப்ரகமுவத் தோட்டங்களில் நின்று கேட்டால் அவை என்ன சொல்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏன் சப்ரகமுவ என்று கேட்கலாம். மலையகம் என்றதும் அட்டனையும் நுவரெலியாவையும் எண்ணுவதே வழக்கம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் எண்ணத்தின் ஓரத்திலேயே கிடக்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இடங்களில் தேயிலையும் றப்பரும் அருகருகே நிற்கின்றன. தோட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் சிங்களக் கிராமம் தொடங்குகின்றது. எண்ணிக்கையில் சிறியோராக, சிதறிக் கிடக்கும் இம்மக்கள் 1977லும் 1981லும் 1983லும் வன்செயலின் அடியைத் தாங்கியவர்கள். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. மக்கள் காடுகளிலும் அகதி முகாம்களிலும் தஞ்சம் புகுந்தனர். ஓரத்தில் நிற்பவனுக்கே ஒரு பாட்டின் முழு உருவமும் சில வேளைகளில் தெரியும்.

*

நாம் முதலில் எடுத்துக்கொள்வது 2021 மார்ச் மாதத்தில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. அறிவு என்ற இளைஞரும் தீ என்ற பாடகியும் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசையில் அமைந்தது, ஏ. ஆர். ரஹ்மான் தொடர்புகொண்டிருந்த 'மாஜா' என்ற சுயாதீன இசைத் தளத்தின் வழியாக வெளியாயிற்று. சில மாதங்களில் பல கோடி முறை கேட்கப்பட்டது. மண்ணையும் மரத்தையும் முன்னோரையும் போற்றும் பாட்டு என்று பத்திரிகைகள் பாராட்டின. சுற்றுச்சூழற் பாட்டு என்று சிலர் வகைப்படுத்தினர்.

இப்பாட்டின் வேர் எங்கே கிடக்கின்றது? அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். அவரே பலமுறை சொல்லியிருப்பது போல, பாட்டில் பெயர் சுட்டப்படும் அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்; பின்னர் தமிழகம் திரும்பியவர். ஆகவே உலகமெங்கும் ஒலித்த இப்பாட்டின் கருப்பொருள் எமது தோட்டத்து வரலாறே.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது அவசியம். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். நாடற்றவராக்கப்பட்டிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது ஏற்பாடு. 1974இல் அந்த மிகுதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. உடன்பிறந்தோர் பிரிந்தனர், தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலும் ஆயினர். இங்கே 'இந்தியாக்காரன்' என்று இகழப்பட்டவன், அங்கே போய் 'சிலோன்காரன்' என்று இகழப்பட்டான். அவ்வாறு திரும்பியோரின் பேரப்பிள்ளைகள் இன்று பாடுகின்றனர். தங்கியோரின் பேரப்பிள்ளைகள் இன்று கேட்கின்றனர். பிரிந்த குடும்பத்தின் இரு கிளைகள் அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பாட்டில் சந்திக்கின்றன. இச்சந்திப்பைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

*

பாட்டின் உருவத்தை நோக்குவோம். ஒப்பாரியும் சொல்லிசையும் இதில் இணைந்துள்ளன. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது பழமையையும் புதுமையையும் ஒட்டுப்போட்ட வேலையாகத் தோன்றலாம். உண்மையில் இவ்விரு வடிவங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒப்பாரி வைக்கும் பெண் இறந்தவரைப் பாடும் சாக்கில் தன்னைப் பாடுகின்றாள். தான் யாருக்கு மகள், யாரிடம் வாழ்க்கைப்பட்டாள், யார் தன்னைக் கைவிட்டார் என்பதைக் கூடியிருப்போர் முன் உரைக்கின்றாள். மற்ற நாட்களில் வாய் திறக்க உரிமை இல்லாதவளுக்குச் சாவு வீடு ஒரு மேடை. அமெரிக்க நகரச் சேரிகளிற் கறுப்பின இளைஞர் உருவாக்கிய சொல்லிசையும் அவ்வாறே. நான் இன்னார், இந்தத் தெருவிலிருந்து வருகின்றேன், எனக்கு இது நடந்தது என்று தன்மையிற் பேசுவதே அதன் உயிர். பேச இடமற்றவர் இடம்பிடித்துப் பேசும் கலைகள் இவை இரண்டும். ஆதலால் இவை இணைந்தது பொருத்தமானது. இங்கே உள்ளடக்கம் தனக்குரிய உருவத்தைத் தானே தேடிக்கொண்டது.

தலைப்பிலேயே இப்பண்பைக் காணலாம். ஆங்கிலச் சொல்லொன்றின் ஒலியும், என் தாயி, என் சாமி என்ற கொஞ்சுமொழியும் அதிற் கலந்திருக்கின்றன. ஆண்டையையும் துரையையும் 'சாமி' என்று கைகட்டி அழைத்த வாய், அதே சொல்லால் தன் பேரனைக் கொஞ்சுகின்றது. அடிமைச் சொல் அன்புச் சொல்லாக மாறுகின்றது. நூறு மேடைப் பேச்சுக்கள் செய்யாத காரியத்தை இவ்வொரு சொல் செய்துவிடுகின்றது.

இனி, சப்ரகமுவத் தோட்டத்துச் செவி மட்டுமே கேட்கக்கூடிய இரு இடங்களைக் குறிப்பிட விரும்புகின்றோம். பாட்டின் ஒப்பாரிப் பகுதியில், மரங்களை நட்டு அழகிய தோட்டம் ஒன்றை வளர்த்தும் தன் தொண்டை நனையவில்லை என்று ஒரு குரல் முறையிடுகின்றது. தமிழகத்து வாசகருக்குத் தோட்டம் என்றால் வீட்டுக் கொல்லை, அல்லது மாந்தோப்பு. அங்கே இவ்வரி ஓர் உவமை. எமக்கோ தோட்டம் என்பது ஒரு முழு உலகம். லயமும், பெரட்டுக் களமும், கணக்கப்பிள்ளையும், பிள்ளைக் காம்பராவும், சுடுகாடும் அடங்கியது அச்சொல். இரு நூறு ஆண்டுகளாகத் தோட்டம் செழித்தது. வளர்த்தவரின் தொண்டை காய்ந்தது. இதில் உவமை எதுவுமில்லை. கணக்குப் புத்தகத்தில் உள்ள செய்தி.

மற்றோரிடம், விளையாட்டுப் போலத் தோன்றும் சொல்லடுக்கு ஒன்றின் நடுவே வருகின்றது. அங்கே அட்டைக்கு இரத்தம் கொடுப்பது பற்றிய குறிப்பு ஒன்று மின்னி மறைகின்றது. ஏரியும் வரப்பும் நிறைந்த அப்பாட்டில் மலைத்தோட்டத்து அட்டைக்கு என்ன வேலை? பாட்டியின் காலில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்து போன அட்டை அது. ஈரமும் சேறும் மிக்க சப்ரகமுவ மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண், மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து காலிலிருந்து பிடுங்கி எறியும் அதே அட்டை. நினைவு இவ்வாறுதான் வேலை செய்கின்றது. வரலாற்று நூல் விட்டுவிட்டதைச் சிறுபிள்ளையின் விளையாட்டுச் சொல் காத்து வைத்திருக்கின்றது.

*

இவ்வளவு பாராட்டிய பின்னர், இப்பாட்டின் எல்லைகளைச் சுட்டுவதும் எமது கடமை. அன்பினால் மழுப்பும் விமர்சனம் படைப்பாளிக்கும் உதவாது, மக்களுக்கும் உதவாது.

முதலாவதாக, மேற்சொன்ன இரு குறிப்புக்களைத் தவிர, பாட்டில் தேயிலை இல்லை, றப்பர் இல்லை, கப்பல் இல்லை, ஒப்பந்தம் இல்லை. அதில் வரும் நிலம் ஏரியும் கண்மாயும் வரப்பும் கொண்ட தமிழகத்துச் சமவெளி நிலம். அது பாட்டி விட்டுச் சென்ற நிலம். அல்லது திரும்பி வந்தும் அவருக்குக் கிட்டாத நிலம். அவர் உழைத்த நிலமோ பாட்டுக்கு வெளியே நிற்கின்றது. அதனாலேயே, இது தோட்டத்து வரலாற்றிலிருந்து பிறந்த பாட்டு என்பதை அறியாமலே கோடிக்கணக்கானோர் ஆடிப் பாடி மகிழ முடிந்தது. ஒரு பாட்டு தன் பிறப்பை மறைத்துக்கொண்டால் அதற்குச் சந்தையிற் கதவு எளிதாகத் திறக்கின்றது. இது படைப்பாளியின் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சந்தையின் இயல்பு என்கின்றோம்.

இரண்டாவதாக, மண் அனைவர்க்கும் பொது, குளம் பூனைக்கும் நரிக்கும் கூடச் சொந்தம் என்ற கருத்து இனியது. ஆதி பொதுவுடைமையின் நினைவு அதில் உண்டு. ஆனால் எட்டியாந்தோட்டைத் தொழிலாளி தான் பிறந்த லயத்து அறைக்கே சொந்தக்காரன் ஆகவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கை மாறிய ஒவ்வொரு முறையும் உழுதவனின் கை வெறுங்கையாகவே இருந்தது. மண் தாய் என்று பாடுவது எளிது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியப் பகுதியில் தோட்டத்து லயம் ஒன்று மண்சரிவில் உயிர்களோடு புதைந்தது. சரியும் சரிவிலேயே லயம் கட்டி, அதிலேயே தலைமுறை தலைமுறையாக மக்களை வைத்திருந்தது யார் என்ற கேள்வியைக் கேட்காத மண் வழிபாடு அரை உண்மையாகவே நின்றுவிடும்.

மூன்றாவதாக ஒரு கால ஒற்றுமை. பாட்டு வெளிவந்த அதே 2021 மார்ச்சில்தான், நீண்ட இழுபறிக்குப் பின், தேயிலை, றப்பர்த் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அடிப்படையும் கொடுப்பனவும் சேர்ந்து 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆயிரத்துக்காகப் பல ஆண்டுகள் குரல் எழுப்பிய பெண்களின் பேரன் பேத்திகள், அந்த வாரத்திலேயே இந்தப் பாட்டையும் கேட்டனர். இரண்டும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள். அவற்றை இணைத்துக் காட்டும் பாட்டு இனித்தான் எழுதப்பட வேண்டும்.

*

நாட்டார் வடிவத்தைக் கையாண்டால் போதும், அது மக்கள் கலையாகிவிடும் என்று எண்ணுவோர் உளர். மலையக வரலாறே இதற்கு மறுப்பு. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற நூலை வெளியிட்டார். கும்மி உழைக்கும் பெண்களின் வடிவம். அவ்வடிவத்தைக் கொண்டே, கோப்பிப் பயிர்ச் செய்கையின் முறைகளையும் தோட்ட முயற்சியின் சிறப்பையும் அந்நூல் பேசிற்று. அதன் பார்வை தோட்டத்துரையின் பக்கத்திலிருந்தே அமைந்தது. கோப்பியை அழித்த இலைநோய் இந்நாட்டிற் கண்டறியப்பட்டதும் அதே 1869இல்தான். கோப்பி போயிற்று, தேயிலையும் றப்பரும் வந்தன, கும்மி மட்டும் தொழிலாளர் வாயில் தங்கிற்று.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரின் துணைவியார் இவர். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டு நூலை வெளியிட்டார். தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். பெண் பொது மேடையில் ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில், எந்தக் கம்பெனியின் தயவுமின்றி ஒரு பெண் பாட்டெழுதி, அச்சிட்டு, தானே பாடி மக்களிடம் கொண்டு சென்றிருக்கின்றார். சுயாதீன இசை வெளியீடு என்று இன்று புதுமையாகப் பேசப்படுவது எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே எம்மிடம் இருந்தது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

இவ்விருவருக்கும் அப்பால், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞராகவும் நாவலாசிரியராகவும் பணிபுரிந்ததோடு, தோட்டங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களைத் திரட்டினார். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இல்லையேல் எமது பாட்டிமாரின் குரலில் பெரும்பகுதி அவர்களோடு புதைந்திருக்கும்.

*

இப்பொழுது, பாட்டைவிடக் கூர்மையான கேள்விக்கு வருகின்றோம். பாட்டு யாருடையது?

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்தைப் பேர் என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைப் பேர்தான் விழும். றப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்ட இயலாது. அன்று பேர் இல்லை. மழை மிகுந்த சப்ரகமுவவில் இது வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம். கணக்கப்பிள்ளையின் புத்தகத்திற் பெயர் ஏறுவதும், கையிற் கூலி வருவதும் ஒன்றே என்பதை உழைக்கும் மக்களின் மொழி ஒரே சொல்லில் அடக்கியிருக்கின்றது.

இந்த அளவுகோலைக் கொண்டு பின்வரும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகை 'எஞ்சாயி எஞ்சாமி'யின் புகழையொட்டி அட்டைப்படம் வெளியிட்டபோது, அதில் தீயும் மற்றொரு கலைஞரும் இடம்பெற்றனர். பாடலை எழுதிப் பாடிய அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் கண்டித்த பின்னரே அறிவின் படத்தோடு வேறோர் அட்டை வந்தது. 2022 ஜூலையிற் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமலே அப்பாட்டு பாடப்பட்டது. அடுத்த சில நாட்களில், பாட்டில் தமது உழைப்பு எத்தகையது என்பதை அவர் பகிரங்கமாக எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் அது கூட்டுப் படைப்பு என்று தம் பக்கத்து விளக்கத்தை வெளியிட்டனர். 2024 மார்ச்சிலோ, அப்பாட்டினால் தமக்கு அதுவரை வருமானம் எதுவும் கிடைக்கவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது.

மூவரில் யாருடைய பங்கு எவ்வளவு என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. அதனினும் அடிப்படையான ஓர் உண்மை இங்கே வெளிப்படுகின்றது. எழுதியவருக்குப் பேர் இல்லை என்பது முதற் குறை. இசையமைத்தவரோ வருமானம் இல்லை என்கின்றார். திரைப்படக் கம்பெனியிடமிருந்து விடுதலை பெற்ற பாட்டு, உலகச் சந்தையின் கணக்குப் புத்தகத்துக்குள் நுழைந்த கதை இது. எத்தனை கிலோ கொழுந்து பறித்தாலும் தராசு யார் கையில் என்பதே பேரைத் தீர்மானிக்கும். எத்தனை கோடிப் பேர் பாட்டைக் கேட்டாலும் அதே விதிதான். கொழுந்து பறித்தவள் கொழும்பு ஏலத்தை அறியாள். பாட்டுப் பாடியவன் கணினித் தளத்தின் கணக்கை அறியான்.

மேலும் ஒரு படி செல்ல வேண்டும். ஒப்பாரி எந்தத் தனி மனிதரின் சொத்துமன்று. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாடிப் பாடிச் சேர்த்த பொதுச் சொத்து அது. பதிவு செய்யப்பட்டு விற்பனைக்கு வந்ததும் அதற்கு உரிமையாளர் தோன்றுகின்றனர். உரிமையாளர்கள் தமக்குள் வாதிடுகின்றனர். அதை ஆக்கிய பெண்கள் அந்த வாதத்தில் சாட்சியாகவேனும் அழைக்கப்படுவதில்லை. அறிவு தம் பாட்டியின் பெயரைப் பாட்டில் வைத்தது இந்த வகையிலே மிக முக்கியமான செயல். பேர் விழாத ஆயிரமாயிரம் பெண்களில் ஒருத்திக்கு அவர் முழுப் பேர் போட்டார்.

*

இவ்வழியில் அவர் மேலும் நடந்திருக்கின்றார் என்பது மகிழ்ச்சிக்குரியது. 2019இல் ஒஃப்ரோ என்ற இசைக் கலைஞரோடு இணைந்து அவர் தந்த 'தெருக்குரல்' தொகுப்பு, சாதியையும் அரசியலையும் நேர்முகமாகப் பேசியது. அதில் மெருகு குறைவு, சூடு அதிகம். 2024இல் வெளிவந்த 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்போ, பாட்டியின் பெயரையே தலைப்பாக்கிக் கொண்டது. பெயருக்காக நடந்த வழக்குக்குக் கலைஞன் தரக்கூடிய மிகச் சிறந்த பதில் இது. எம் ஆசிரிய நண்பர்கள் இவ்விரு தொகுப்புக்களையும் முன்பின்னாக வைத்து மாணவர்களோடு கேட்டால், கோபம் எவ்வாறு நினைவாகக் கனிகின்றது என்பதை விளக்க நல்ல பாடம் கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் களம் அமைத்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் முன்னின்று அமைத்த இக்குழு 2018 ஜனவரியிற் சென்னையில் முதன்முதல் மேடையேறிற்று. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. கானாவும் ஒப்பாரியும் சொல்லிசையும் பறையும் அதில் ஒரே மேடையில் நின்றன.

இக்குழுவின் முயற்சி எம் தோட்டங்களுக்கு ஏன் அவசரமானது என்பதைத் தப்பு என்ற ஒரு கருவியைக் கொண்டே விளக்கலாம். விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பப் பெரட்டுத் தப்பு அடித்தனர், காமன் கூத்துக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. தோட்டத்தின் நேரம், இன்பம், துன்பம் மூன்றையும் அறிவித்தது அதுவே. ஆனால் அதை அடிக்கும் கை இன்னாருடையதாகவே இருக்க வேண்டும் என்று சாதி விதித்தது. கப்பலேறி வந்த மூட்டை முடிச்சுக்களோடு சாதியும் வந்தது. லயத்து வரிசையிலும் அது இடம்பிடித்துக் கொண்டது. அதனால், சுயமரியாதை கொண்ட இளைஞன் தப்பைத் தொட மறுப்பதும் நியாயமே. இந்த முடிச்சை அவிழ்ப்பது எவ்வாறு? தப்பைக் கைவிட்டால் எமது வலிமை மிக்க இசைக்கருவியை இழப்போம். பழைய முறையிலேயே வைத்திருந்தால் இழிவைத் தொடர்வோம். எல்லாப் பிள்ளைகளும் கற்கும் கலையாகத் தப்பைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வருவது ஒன்றே வழி. கலைவிழாவுக்குத் திரைப்பாட்டு நடனம் பழக்கும் நேரத்தில் ஒரு பாதியை இதற்கு ஒதுக்க எந்த ஆசிரியராலும் முடியும்.

சப்ரகமுவவுக்கே உரிய இன்னொரு வாய்ப்பும் உண்டு. எம் அயலில் வாழும் சிங்கள மக்களின் சப்ரகமுவ நடன மரபுக்கு ஆதாரமான முழவு 'தவுல்'. பெயரே எம் தவிலை நினைவூட்டுகின்றது. சுரங்கத் தொழிலாளர் நிலத்துக்குள் இறங்கிப் பாடிய பாடல்களும் சிங்கள நாட்டார் மரபில் உண்டு. மலை மேலே கொழுந்து பறிப்பவள் பாடினாள்; மலைக்குக் கீழே சுரங்கம் வெட்டியவன் பாடினான். ஒருவர் பாட்டு மற்றவருக்குத் தெரியாமற் போயிற்று. அந்த அறியாமையின் மேல்தான் 1981இன் தீ மூட்டப்பட்டது. தப்பும் தவுலும் ஒரே மேடையில் ஒலிக்கும் ஒரு பாட்டு இரத்தினபுரியிலிருந்து பிறக்குமானால், அதற்குச் சென்னையின் அங்கீகாரமோ உலகச் சந்தையின் சான்றிதழோ தேவைப்படாது.

*

ஆகவே, புதிய பாட்டுக்களைக் கேளுங்கள் என்றே நாம் சொல்கின்றோம். கேட்பதோடு நின்றுவிடாதீர்கள் என்றும் சொல்கின்றோம். அறிவின் பாட்டு எமக்குத் தரும் மிகப் பெரிய படிப்பினை, பாட்டி பேசும்போது பேரன் காது கொடுத்துக் கேட்டான் என்பதே. எம் தோட்டங்களிலும் பாட்டிமார் இருக்கின்றனர். கொழுந்து மலையில் நிரை பிடித்து நின்றபோது பாடியவர்கள் உண்டு. றப்பர்க் காட்டில் விடியலுக்கு முன்னரே தனியாக மரத்துக்கு மரம் நடந்து, பாடத் துணையில்லாமல் தனக்குத்தானே முணுமுணுத்தவர்களும் உண்டு. கூட்டு வேலையின் பாட்டும் தனிமை வேலையின் பாட்டும் ஒன்றாயிருக்க முடியாது. நுவரெலியாவின் பாடல்களைத் தொகுத்ததால் சப்ரகமுவவின் பாடல்களையும் தொகுத்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

மாணவர்கள் கையில் இன்று ஒலிப்பதிவுக் கருவியாகிய கைத்தொலைபேசி உள்ளது. சி. வி. வேலுப்பிள்ளைக்கு அது இருக்கவில்லை. விடுமுறையில் ஆளுக்கு ஒரு பாட்டியிடம் அமர்ந்து, ஆளுக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்யட்டும். பாடியவரின் அனுமதியைப் பெறட்டும். பாட்டின் கீழே தோட்டத்தின் பெயரையும், வேலையின் பெயரையும், பாடியவர் விரும்பினால் அவருடைய பெயரையும் எழுதட்டும். நாட்டார் பாடல், ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்று எழுதும் சோம்பல் இனிப் போதும். பெயர் தெரியவில்லை என்பதற்குப் பெரும்பாலும், பெயரை யாரும் கேட்கவில்லை என்றே பொருள்.

தோட்டத்துக் கணக்கில் அந்தப் பெண்களுக்குப் பல நாட்கள் அரைப் பேரே விழுந்தது. பாட்டின் கணக்கிலாவது அவர்களுக்கு முழுப் பேர் போடுவோம்.